&& சங்கிலியா, ?. குறியா?

ஜாவாஸ்கிரிப்டில் பயனர்.முகவரி.நகரம் என்று எழுதுகிறோம். முகவரி இல்லாத ஒரே ஒரு பயனர் வந்தால் போதும், டைப்எரர் (TypeError) என்ற பிழை வந்து நிரல் அங்கேயே நின்றுவிடும்.

பழைய வழி: பயனர் && பயனர்.முகவரி && பயனர்.முகவரி.நகரம். எந்தப் பழைய பிரவுசரிலும் ஓடும். ஆனால் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது எழுத்துப்பிழை நுழைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, && பார்ப்பது மதிப்பு இருக்கிறதா என்பதை அல்ல; அது 0, காலிச் சரம் (எழுத்தே இல்லாத உரை), ஃபால்ஸ் (false) ஆகியவற்றையும் "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்டின் 2020 பதிப்பில் வந்த ?. அப்படியல்ல. பயனர்?.முகவரி?.நகரம் என்றால், இடதுபக்கம் நல் (null, மதிப்பு இல்லை) அல்லது அன்டிஃபைன்ட் (undefined, மதிப்பு தரப்படவில்லை) ஆக இருந்தால் மட்டும் நின்று அன்டிஃபைன்ட் தரும். மாற்று மதிப்பு வேண்டுமா? கூடவே ?? போடுங்கள், || வேண்டாம். ?? நல், அன்டிஃபைன்ட் இரண்டுக்கு மட்டும் மாற்று தரும்; || 0, காலிச் சரம் போன்றவற்றுக்கும் தந்துவிடும். கணக்கு?.இருப்பு || 100 என்று எழுதினால், இருப்பு 0 உள்ளவருக்கும் 100 காட்டும்; ?? போட்டால் 0 அப்படியே நிற்கும். பணக் கணக்கில் இது சின்ன விஷயமில்லை.

என் தேர்வு ?. தான். ஆனால் எல்லாப் புள்ளிக்கும் முன்னால் கேள்விக்குறி போடாதீர்கள். பயனர் கட்டாயம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால், பிழை உடனே கண்ணில் படட்டும்.