முகட்டில் நேரம் காட்டும் மணிக்கூடு: கல்லடியில் பாவித்துப் பார்த்தது

நேரத்தை வானொலி அலையில் தானாகவே பிடிக்கும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். அதை நம்பி வாங்க வேண்டாம். மட்டக்களப்பில் அது பிடிக்காது. இருட்டில் சீலிங்கில் சிவப்பு இலக்கத்தில் நேரம் தெரிய வேண்டும் என்றால் மட்டும் தாராளமாக வாங்கலாம்.

என்னுடையது ஜேர்மனியில் இருந்து அண்ணா கொண்டுவந்தது. நான் வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள், மூன்றரைக்கு எழும்ப வேண்டும். பக்கத்தில் சின்னவன் படுத்திருப்பான். லைட் போட ஏலாது, போனைத் திறந்தாலே முழித்துவிடுவான்.

இந்த மணிக்கூடு தேடுவது பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் மைன்ஃபிளிங்கனில் இருந்து வரும் 77.5 கிலோஹேர்ட்ஸ் அலையை. அணுக் கடிகாரத்தின் நேரமும் திகதியும் நிமிடத்துக்கு ஒரு தடவை முழுமையாக அதில் வரும். ஏறத்தாழ 2000 கிலோமீற்றர் வரைக்கும் எட்டும். அண்ணா வீட்டில் பட்டரி போட்டுச் சில நிமிடத்தில் தானாகச் சரியாகிற சாமான், இங்கே அலையைத் தேடுவதாகக் காட்டும் கோபுரச் சின்னத்தை மினுக்கிக்கொண்டே கிடந்தது. ஜப்பானிலும் சீனாவிலும் இப்படி நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் ஜேர்மன் அலைக்கென்று செய்த மணிக்கூடு அவற்றைத் தேடாது.

ஆகவே முதல் வேலையாக அந்தத் தேடலை நிறுத்துங்கள். விட்டால் இரவிரவாகத் தேடிப் பட்டரியைத் தின்றுவிடும். நேர வலயத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றால், என்னுடையதில் அது முழு மணித்தியாலமாகத்தான் ஏறி இறங்குகிறது. நமக்கோ உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும்! பேசாமல் போனைப் பார்த்துக் கையால் வைத்துவிடுவதுதான் நல்லது. கிழமை ஜேர்மன் மொழியில் வந்தது, அதை ஆங்கிலத்துக்கு மாற்ற முடிந்தது. இனி இதுவும் மற்ற மணிக்கூடுகள் மாதிரித்தான், மாதத்தில் சில விநாடி முன்னே பின்னே போகும். இடியப்பத்துக்கு அது காணும்.

வெளிச்சம் வரும் குழாயைத் திருப்பலாம், இலக்கம் மங்கலாக இருந்தால் வளையத்தைச் சுழற்றித் தெளிவாக்கலாம், தலைகீழாக விழுந்தால் புரட்டிவிட ஒரு பொத்தானும் இருக்கிறது. பகலில் ஒன்றும் தெரியாது. எங்கே விழுகிறது என்பதில்தான் விசயம் இருக்கிறது. எங்கள் அறையில் வெள்ளைச் சீலிங் என்பதால் தப்பித்தேன். அம்மா வீட்டில் ஓட்டுக்குக் கீழே சீலிங் இல்லை, அங்கே வைத்துப் பார்த்தபோது இலக்கம் மரத்திலும் ஓட்டிலும் துண்டு துண்டாக விழுந்தது. ஃபேனுக்கு நேரே வைத்தால் இறக்கை வெட்டி வெட்டிக் காட்டும். நுளம்பு வலைக்குள்ளும் வைக்க வேண்டாம், பாதி வெளிச்சம் வலையிலேயே தங்கிவிடும். வெளியே ஒரு ஸ்டூலில் வைத்து, தலைமாட்டில் இருந்து கொஞ்சம் தள்ளி விழுத்துங்கள். வலைக்குள் படுத்தபடியே வாசிக்கலாம்.

இரவு முழுக்க எரிய வேண்டும் என்றால் அடப்டர் வேண்டும். பட்டரியில் பொத்தானை அமத்தினால் சில விநாடிதான் தெரியும். அடப்டருக்கு இரண்டு மெல்லிய பின், நமது சுவரில் அப்படியே ஏறாது, மாற்றுப் பிளக் ஒன்று வாங்க வேண்டும். மின்சாரம் இரண்டு இடத்திலும் 230 வோல்ட் என்பதால் வேறு பயமில்லை. கரண்ட் போனால் சீலிங் இருண்டுவிடும், ஆனால் பட்டரி இருக்கும் வரை நேரமும் அலாரமும் அழியாது. பட்டரி போடாமல் அடப்டரை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

மச்சாளும் ஒன்று கேட்டிருக்கிறாள். வானொலி அலையைத் தேடாததாகப் பார்த்து வாங்கி வரும்படி அண்ணாவுக்குச் சொல்லிவிட்டேன்.