அஸ்திராவா, மீட்டியோரா? ஒரு குழாய், இரண்டு ஏவுகணைகள்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, போர் விமானம் ஏவும் ரேடார் ஏவுகணை ஒன்றின் முழு அளவு மாதிரியைச் செய்வதென முடிவானது. ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது. உச்சிப்புளிப் பிள்ளைகளுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. ஆனால் பக்கத்திலிருக்கும் ஐ.என்.எஸ். பருந்து கடற்படையின் கண்காணிப்பு விமானத் தளம். ஏவுகணை சுமக்கும் சுகோய்-30 வேண்டுமென்றால் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தைத்தான் காட்ட வேண்டும்.

ஸ்பாரோ, ஆர்-27ஆர் போன்ற பழைய வகையை முதலிலேயே ஒதுக்கினோம். கடல் வற்றிய இரவில் நண்டு குத்தப் போனவர்களுக்குக் காரணம் புரியும். ஒருவர் விளக்கை அசையாமல் பிடிக்க, மற்றவர் குத்துவார். விளக்கு விலகினால் நண்டு தப்பிவிடும். ஏவுகணை போய்ச் சேரும்வரை விமானியும் தன் ரேடாரை எதிரிமேல் வைத்தே பறக்க வேண்டும். புதிய வகையில் குத்துபவரின் நெற்றியிலேயே விளக்கு. கடைசிக் கட்டத்தில் ஏவுகணையின் சொந்த ரேடார் விழித்துக்கொள்வதால் விமானி திரும்பிவிடலாம்.

மிஞ்சியவை இரண்டு: நம் அஸ்திரா, ரஃபேல் சுமக்கும் ஐரோப்பிய மீட்டியோர். இரண்டுக்கும் விட்டம் 178 மில்லிமீட்டர். ஆழ்துளைக் கிணற்றுக்கு இறக்கும் 7 அங்குலக் குழாய் இரண்டுக்குமே பொருந்தியது!

பாய்ச்சலில் மீட்டியோருக்கே முதலிடம். அஸ்திராவின் ராக்கெட் மோட்டார் சில நொடிகளில் எரிந்து முடிகிறது. பிறகு இன்ஜினை அணைத்த வள்ளம் கரைக்கு வருவதுபோல, இருக்கும் வேகத்திலேயே ஓட வேண்டும். மீட்டியோரின் ராம்ஜெட் வெளிக்காற்றை இழுத்து, எரிபொருளை அளந்து செலவழித்து, கடைசித் துரத்தலுக்கும் விசையை மிச்சம் வைக்கிறது. தப்பி ஓடும் விமானத்துக்கு அது பெரிய ஆபத்து. நிஜச் சண்டையில் அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதை ஏவியவர்கள்தாம் சொல்ல வேண்டும். நான் குழாய் வெட்டியவன்.

இருந்தும் அஸ்திராவையே செய்தோம். காரணம் பராமரிப்பு. எங்கள் ஊரில் உப்புக்காற்று மின்விசிறியையும் விடாது, வாசல் கதவையும் விடாது; எந்த ஏவுகணை என்று முடிவாகாமல் நின்ற மாதிரியின் துடுப்புகளைப் பிடித்திருந்த திருகாணிகளே இரண்டு மாதத்தில் துருவேறிவிட்டன. அப்போதுதான் உறைத்தது, ஏவுகணைக்கு ஏவாமலே வயதாகும் என்று. இறக்கையில் தொங்கிப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்வு, குளிர், ஈரம். உள்ளே இலக்கைத் தேடும் சீக்கர், மின்கலம், எரிபொருள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள். யார் திறந்து பார்ப்பது, எங்கிருந்து மாற்றுப் பாகம் வருவது?

அஸ்திராவுக்கு அந்தப் பதில் ஹைதராபாத்தில் இருக்கிறது. வடிவமைத்தது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ., செய்வது அரசு நிறுவனமான பாரத் டைனமிக்ஸ். 2022 மே மாதம் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிறுவனத்தோடு 2,971 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. தொடக்கத்தில் சீக்கர் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2025 ஜூலையில் ஒடிசா கடலோரத்தில் உள்நாட்டு சீக்கரோடு சுகோயிலிருந்து ஏவிப் பார்த்தார்கள். கண்ணையே மாற்ற முடிகிறது, யாரிடமும் கேட்காமல். 2023-இல் தேஜஸ் போர் விமானத்திலிருந்தும் ஏவினார்கள். மீட்டியோரோ ஆறு நாடுகள் சேர்ந்து செய்த பண்டம். அதை இன்னொரு விமானத்தில் மாட்டுவதென்றால் அவர்கள் சம்மதிக்க வேண்டும்.

கண்காட்சியில் ஒரு மாணவி, "சார், வேகமாகத் துரத்துவது மீட்டியோர்தானே, அதை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டாள். துருவேறிய திருகாணி ஒன்றைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். முழுதாக ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. மீட்டியோரின் காற்றுவாய்களுக்கென்று வாங்கிய தகரம் இன்னும் ஆய்வகப் பரணில்தான் கிடக்கிறது.