1296ஆ, 10368ஆ? திருகோணமலைக் கரையிலிருந்து ஒரு மைக்ரோவேவ் கணக்கு

மைக்ரோவேவில் தூரத்துக்குப் பேசும் போட்டிக்கு எந்த பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) இறங்கலாம் என்று கேட்டால், அனுபவப்பட்ட ஹாம்களில் (அமெச்சூர் வானொலிக்காரர்களில்) பலர் 1296 மெகாஹெர்ட்ஸைத்தான் கைகாட்டுவார்கள். கண்டியிலோ பதுளையிலோ இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் திருகோணமலையில் வாசலைத் திறந்தால் வங்காள விரிகுடா. அது கணக்கையே மாற்றிவிடுகிறது.

முதலில் இந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1296, 2304, 5760, 10368 எல்லாமே 144இன் மடங்குகள்: 9, 16, 40, 72. 144 மெகாஹெர்ட்ஸ் (இரண்டு மீட்டர் பேண்ட்) சிக்னலின் அதிர்வெண்ணைப் பெருக்கிப் பெருக்கி மேலே கொண்டுபோன காலத்தின் மிச்சம் இது. இன்று அப்படிப் பெருக்க வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் பலவீனமான சிக்னலைத் தேடுகிறவர்கள் இன்னும் பெரும்பாலும் இந்த எண்களைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடுவில் இருக்கும் பேண்டுகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 2300 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வீட்டு இணைய எல்டிஇ (4ஜி) இருக்கிறது, 2400க்கு மேலே வைஃபை. 3400இல் 5ஜியின் நெருக்கடி. 5760 நல்ல இடம்தான், ஈரக்காற்றும் அதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் வைஃபையின் 153ஆம் சேனல் 5755இலிருந்து 5775 வரை விரிந்து கிடக்கிறது. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் வரிசைக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை. 24 கிகாஹெர்ட்ஸ் இன்னும் மோசம். நீராவி ரேடியோ அலையை உறிஞ்சும் உச்சம் 22 கிகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டும் நம் ஊர்க் காற்றில் அந்த பேண்ட் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வரி கட்டும்.

மிஞ்சுவது இரண்டு: 1296, 10368 (சுருக்கமாக 10 கிகாஹெர்ட்ஸ்). ஒரே 60 செ.மீ. டிஷ்ஷை இரண்டுக்கும் வைத்துப் பாருங்கள். 1296இல் அதன் பெருக்கம் (சிக்னலை ஒரே திசையில் குவிக்கும் வலு) சுமார் 15 டெசிபெல், கற்றை அகலம் 27 பாகை. அதாவது குத்துமதிப்பாகத் திருப்பினாலே போதும். 10368இல் பெருக்கம் 33 டெசிபெல்லைத் தாண்டும், ஆனால் கற்றை மூன்றரைப் பாகைதான். நிலாவெளியிலிருந்து முல்லைத்தீவைத் தேடும்போது திசைகாட்டியில் நான்கு பாகை பிசகினால் கற்றை ஆளை விட்டுவிட்டு நடுக்கடலுக்குப் போய்விடும்.

அலைவரிசைப் பிசகும் அப்படித்தான். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினால் 1296இல் 1.3 கிலோஹெர்ட்ஸ், குமிழைத் திருகிப் பிடித்துவிடலாம். 10368இல் அதே தவறு 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், நான்கு எஸ்எஸ்பி (ஒடுங்கிய அகலத்தில் குரல் அனுப்பும் முறை) குரல்கள் அருகருகே உட்காரக்கூடிய அகலம். கடற்கரை வெயிலில் பெட்டியை வைத்தால் இன்னும் ஓடும். ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய ஆஸிலேட்டர் (அலைவரிசையை உண்டாக்கும் சுற்று) இல்லாமல் 10 கிகாஹெர்ட்ஸில் இறங்குவது வீண் வேலை.

இதுவரை 1296தான் முன்னால் நிற்கிறது, இல்லையா? இனித்தான் கடல் வருகிறது.

கடல்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் சட்டென்று குறையும் ஒரு மெல்லிய அடுக்கு எப்போதும் இருக்கும். அலைகளை வளைத்துக் கடலோடு ஒட்டிக் கொண்டுபோகும் ஒரு குழாய் மாதிரி. வெப்பமண்டலக் கடலில் அதன் உயரம் பத்து முதல் இருபது மீட்டர் வரை. இவ்வளவு ஒடுங்கிய குழாய்க்குள் 1296இன் 23 செ.மீ. அலை நிற்காது, கசிந்துவிடும். 10368இன் 3 செ.மீ. அலை நன்றாகவே நிற்கும். நிலாவெளியிலிருந்து முல்லைத்தீவு சுமார் 75 கி.மீ., பாதை பெரும்பாலும் கரையோரக் கடல். இரண்டு பக்கமும் ஐந்து மீட்டர் கம்பத்தில் டிஷ் இருந்தால் ரேடியோ தொடுவானம் 18 கி.மீ.யோடு முடிகிறது. மீதித் தூரத்தைக் கடத்துவது அந்தக் குழாய்தான்.

இதிலிருந்து வரும் ஒரு முடிவு பலருக்குப் பிடிக்காது. திருகோணமலைக் கடலோரக் கோணேசர் மலை உச்சிதான் சிறந்த இடம் என்று எல்லோரும் நினைப்பார்கள். 1296க்கு அது சரி. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மணலில் இறங்கி, குழாய்க்குள்ளேயே நிற்பதுதான் நல்லது. மலையில் ஏறினால் குழாய்க்கு மேலே போய்விடுகிறீர்கள்.

பருவமும் சேர்ந்துகொள்கிறது. மேயிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது, காய்ந்து சூடேறிய தரைக்காற்று ஈரக் கடலின் மேல் படர்கிறது. இன்னும் வலுவான அடுக்குகள் உண்டாவதற்கு ஏற்ற நிலை அது. அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் நடத்தும் ‘10 கிகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும்’ போட்டி ஆகஸ்ட், செப்டம்பர் வார இறுதிகளில் நடக்கிறது. அதில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி, புதிய அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாளக் குறி) ஒவ்வொன்றுக்கும் 100. நமக்குள் ஒரு போட்டி வைத்தாலும் அந்தக் காலத்தையும் அந்தக் கணக்கையுமே எடுத்துக்கொள்ளலாம். சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 510 கி.மீ., நேர்கோடு முழுக்கக் கடல்மேல். போர்த்துக்கல்லுக்கும் கேப் வெர்டேக்கும் இடையே 10 கிகாஹெர்ட்ஸில் 2,500 கி.மீ.க்கு மேல் பேசியிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் இது பேராசை இல்லை. ஆனால் எதிர்முனையில் இருப்பவரின் உரிமத்தில் அந்த பேண்ட் உண்டா என்று முதலில் கேளுங்கள். உங்கள் உரிமத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

வாடைக்காற்றும் மழையும் வந்தபின் கதை வேறு. இடிமேகத்தில் பட்டுச் சிதறி வரும் 10 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் கரகரவென்று இருக்கும். குரல் புரியாது, மோர்ஸ் புரியும்.

யாழ்ப்பாணம்தான் இலக்கு என்றால் என் வாதம் கவிழ்ந்துவிடும். சுமார் 180 கி.மீ., நடுவே வன்னிக் காடு. அங்கே 1296ஐ எடுங்கள், மலையில் ஏறுங்கள், மறுபேச்சில்லை.

பேண்ட் முடிவானபின் அதற்குள் எந்தப் புள்ளி? நெரிசலான நாடுகளில் 10368.100இல் கூப்பிட்டுவிட்டு வேறு இடத்துக்கு நகர்வார்கள். சிலர் ஆளுக்கொரு அலைவரிசையை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்வார்கள். இங்கே நெரிசல் ஏது? ஆள் கிடைப்பதே அருமை. திசை, நேரம், அலைவரிசை என்று மூன்றும் தெரியாமல் தேடுகிற இடத்தில் ஒன்றையாவது ஆணியடித்து வைப்பது புத்தி. எல்லோரும் .100இலேயே இருக்கட்டும். நேரத்தையும் திசையையும் இரண்டு மீட்டரில் பேசிக்கொள்ளலாம். அதில் ஒரு பொறி உண்டு. டிரான்ஸ்வெர்டர் (மைக்ரோவேவ் சிக்னலைக் கீழ் அலைவரிசைக்கு மாற்றும் பெட்டி) 144இல் இறங்குகிறதென்றால் 10368.100 உங்களுக்கு 144.100ஆக விழும். பக்கத்தில் ஒருவர் அங்கே வாய் திறந்தால் மைக்ரோவேவ் சிக்னல் வந்துவிட்டது என்று துள்ளுவீர்கள். நான் துள்ளியிருக்கிறேன். 432இல் இறங்கும் டிரான்ஸ்வெர்டர் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

ஹாம்கள் பயன்படுத்தும் க்யூஓ-100 செயற்கைக்கோள் வழியாகப் பேசினால் தரைவழிப் போட்டிகளில் புள்ளி கிடைக்காது. ஆனாலும் அதன் 10489 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் மேற்கே சுமார் 26 பாகை உயரத்தில் எந்நேரமும் இருக்கிறது. போட்டிக்கு முந்தின நாள் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் உள்ள பெறுவி) உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வசதி. புவிநிலைத் தொடர்பாடலை 1945இலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் பின்னாளில் இந்தக் கோணேசர் மலையடியில்தான் சுழியோடினார் என்பதும் அப்போது நினைவுக்கு வரும்.

கடைசியாக ஒன்று. மலைக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டை வாசலூடாகத்தான், உள்ளே இராணுவம் இருக்கிறது. முக்காலியும் டிஷ்ஷுமாகப் போனால் என்ன இது என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். உரிமப் பிரதியைப் பையின் மேலறையில் வையுங்கள். முன் அனுமதி கேட்க ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.