இரண்டு மழைக்காலம் கண்ட தெளிவுத் திரை

தலவாக்கலையில் எங்கள் வீட்டு விறாந்தை தென்மேற்கைப் பார்த்தது. மே மாதம் பருவமழை தொடங்கிவிட்டால் செப்டெம்பர் வரை சாரல் உள்ளே அடிக்கும். அம்மாவின் கதிரையை நகர்த்தி நகர்த்திச் சுவரோடு ஒட்டிவிடுவோம். அதற்காகவே அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள, கண்ணாடி போன்ற மூன்று பீவீசீ திரைகளை, ஓரங்களில் கன்வஸ் பட்டியும் பித்தளை வளையங்களும் வைத்துத் தைப்பித்து மாட்டினோம். இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்: சாரலையும் குளிர்காற்றையும் இவை நன்றாகவே தடுக்கின்றன, அம்மா இருந்த இடத்திலிருந்தே மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி தேநீர் குடிக்கிறார். ஆனால் அந்தத் தெளிவு நிலைப்பது முழுக்கப் பராமரிப்பவர் கையில் இருக்கிறது.

தைத்துக் கொடுத்த கடையில் எங்களுக்குச் சொன்ன ஒரே ஆலோசனை, ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பயன்படுத்தலாம் என்பதாகும். அது தவறு. அத்தகைய திரவங்கள் பலவற்றில் அமோனியாவோ மதுசாரமோ கலந்திருக்கும். பீவீசீக்கு நெகிழ்வு தரும் சேர்மானத்தை அவை உறிஞ்சிவிடுவதால் திரை நாளடைவில் மங்கி விறைத்துப்போகும். முதல் திரையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பால் படிந்தாற்போல் மங்கல் விழுந்த பிறகே இதை விசாரித்து அறிந்தோம். அந்த இடம் இன்றுவரை தெளியவில்லை. மண்ணெண்ணெயையும் தின்னரையும் அருகில்கூடக் கொண்டுபோக வேண்டாம். மழைநாட்களில் திரை முழுவதும் மெல்லிய வெண்மை படர்ந்தால் மட்டும் பதற வேண்டியதில்லை. அது ஈரத்தை உறிஞ்சியதால் வருவது, உலர்ந்ததும் தெளிந்துவிடும்.

உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதே கீறல்களுக்கு முதற் காரணம் என்பதால், முதலில் மேலிருந்து தண்ணீர் ஊற்றித் தூசியை வழியவிட்டு, பின்னர் இளஞ்சூடான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் கலந்து, பழைய பருத்தித் துணியால் அழுத்தாமல் துடைத்து, நன்றாக அலசி, வேறொரு துணியால் ஒற்றி எடுக்கிறோம். தையல் ஓரங்களில் பூஞ்சணம் கரும்புள்ளிகளாகத் தலைகாட்டும். வினாகிரியும் நீரும் சமமாகக் கலந்து மென்மையான பற்தூரிகையால் தேய்த்தால் போய்விடுகிறது.

மலையகத்தில் இந்தத் திரைக்குப் பெரிய எதிரி குளிர்தான். ஜனவரி விடியலில் தொட்டுப் பார்த்தால் காய்ந்த தோல்போல விறைத்து நிற்கும். அந்நேரத்தில் சுருட்டினால் மடிப்பு விழுந்து, பின்னர் அதே கோட்டில் வெடிக்கும். வெயில் ஏறித் திரை தளர்ந்த பின், ஈரம் துளியும் இல்லையென்று பார்த்து, அம்மாவின் பழைய நூல்சேலை ஒன்றை இடையில் விரித்துச் சுருட்டுகிறோம்.

வாங்கும்போது நாங்கள் கேட்கத் தவறியது ஒன்றுண்டு. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது புற ஊதாக்கதிரின் வீரியம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வெயில் இதமாகத் தெரிந்தாலும் பிளாஸ்டிக்குக்கு அது கடுமையானது. கதிர்த் தடுப்புச் சேர்த்த தாளைக் கேட்டு வாங்குங்கள். எங்களுடையதில் அது இல்லை. மாலை வெயில் விழும் திரை மஞ்சள் தட்டத் தொடங்கியிருக்கிறது. அதை மாற்றும்போது இதே தடிப்பில், தடுப்புள்ள தாளிலேயே தைப்பிப்போம்.