க்வாய் நதிப் பாலம்: டிவிடியா, ப்ளூ-ரேயா?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதைக்காகப் போர்க்கைதிகளைக் கொண்டு பாலம் கட்டுவிக்கும் கதையான, டேவிட் லீன் 1957-இல் இயக்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தை இரண்டு வட்டுகளிலும் பார்த்த பிறகும் நீலகிரி வெலிங்டனில் எங்கள் வீட்டில் கருத்து ஒன்றவில்லை. மெட்ராஸ் ரெஜிமென்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற மாமா டிவிடியின் பக்கம். ப்ளூ-ரேயில் வானமெங்கும் கொசு மொய்ப்பதுபோல் துகள்கள் அசைவதை அவர் குறை என்கிறார். அது படச்சுருளின் இயல்பு, அதை அழித்தால் முகங்கள் மெழுகாகிவிடும் என்பது என் வாதம்.

படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.55 மடங்கு என்பதால், அவருடைய பழைய 4:3 தொலைக்காட்சியில் ஏறக்குறையப் பாதித் திரை கறுப்புப் பட்டையாகவே போய்விடுகிறது. அந்தப் பெட்டிக்கு டிவிடியே போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அகன்ற திரையில் டிவிடி படத்தின் 576 வரிகளுக்கும் ப்ளூ-ரேயின் 1080 வரிகளுக்கும் உள்ள இடைவெளி மறைவதில்லை: தண்டனைக் கொட்டடியிலிருந்து தள்ளாடி வரும், கைதிகளின் தளபதியாக நடித்த அலெக் கின்னஸின் முகமும், படப்பிடிப்பு நடந்த இலங்கைக் காட்டின் இலைகளும் ப்ளூ-ரேயில்தான் தனித்தனியே துலங்குகின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த தமிழர்களை மட்டும் எந்த வட்டிலும் காண முடியாது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே வருத்தம்.

மலை ஈரத்தில் பூஞ்சை இரண்டையும் ஒன்றுபோலவே பிடிக்கிறது.