ஆல்ஃபாஃபோல்டும் ஆரஞ்சு வாலும்: ஓர் உடலியங்கியல் ஆய்வகத்திலிருந்து பயன்பாட்டு அனுபவம்

அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணித்துத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஆல்ஃபாஃபோல்டு. அதைப் பற்றித் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் செய்திக் கட்டுரைகள். 2021 ஜூலையில் மனிதப் புரதங்களின் கணிப்பு வடிவங்களை மொத்தமாகத் திறந்துவிட்டபோது ஒரு அலை. 2024இல் டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் மூவருக்கும் வேதியியல் நோபல் அறிவித்தபோது இன்னொரு அலை. அதோடு சரி. அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வேலை பார்த்தால் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று எழுதியவர் யாரும் என் கண்ணில் படவில்லை. அந்த மனிதப் புரதத் தொகுப்பு வந்த நாளிலிருந்து பயன்படுத்தி வருகிறேன் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கட்டமைப்பு உயிரியல் படித்தவள் இல்லை. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உடலியங்கியல் பார்க்கிறேன். செல் சவ்வில் இருக்கும் அயனிச் சேனல்கள், அதாவது மின்னூட்டமுள்ள அணுக்கள் போய்வரும் புரத வாசல்கள், எப்போது திறக்கின்றன, எப்போது மூடுகின்றன என்று மின்னோட்டத்தை அளந்து பார்ப்பதுதான் வேலை. எங்கள் திட்டத்தில் பாதிப்பேர் புரத வடிவம் பார்ப்பவர்கள், பாதிப்பேர் என்னைப் போல மின்முனையோடு உட்கார்ந்திருப்பவர்கள். ஆகவே இது இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நிற்பவளின் மதிப்பீடு.

எங்கள் சேனலின் பெயர் கேஏடிபி. கணையத்தின் பீட்டா செல்லில் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் செல்லுக்குள் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு ஏறும், ஏடிபி இந்தச் சேனலை மூடும், பொட்டாசியம் வெளியேறுவது நிற்கும், சவ்வின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியே வரும். கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற சுகர் மாத்திரைகள் இதே சேனலில் போய் உட்கார்ந்து அதை மூடுகின்றன. அந்த மாத்திரை இல்லாத தெருவை நம் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். சேனலின் நடுவில் கிர்6.2 என்ற புரதம் நான்கு, சுற்றிலும் எஸ்யூஆர்1 என்ற பெரிய புரதம் நான்கு. கிளிபென்கிளமைடோடு சேர்ந்த முழு வடிவம் 2017இல் கிரையோ ஈஎம் மூலம், அதாவது புரதத்தை உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் முறையில், தெரியவந்தது.

சேனலுக்குத்தான் வடிவம் இருக்கிறதே, அப்புறம் எதற்கு ஆல்ஃபாஃபோல்டு என்று கேட்கலாம். சேனல் தனியாக வேலை செய்வதில்லை. அதோடு ஒட்டி உரசும் மற்ற புரதங்களுக்கு வடிவமே கிடையாது. எலியின் புரதத்துக்கும் மனிதனின் புரதத்துக்கும் எங்கே வேறுபாடு, அந்த இடம் மேற்பரப்பிலா உள்ளேயா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஒளிரும் புரதம் ஒன்றைச் சேனலில் ஒட்ட வேண்டுமானால் எந்த வளைவில் ஒட்டினால் சேனல் கெடாது என்று யோசிக்க வேண்டும். முன்பெல்லாம் இதற்கு நான்கைந்து இடங்களில் ஒட்டிய பதிப்புகளைக் கட்டி, செல்லில் போட்டு, பெரும்பாலானவை வேலை செய்யாமல் போய், மாதங்கள் கரையும். இப்போது வடிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வளைவாகப் பார்த்து முடிவு செய்கிறோம். எனக்கு இந்தக் கருவி சம்பாதித்துக் கொடுத்தது முக்கியமாக இந்த நேரம்தான். கண்டுபிடிப்பு எதையும் அது தந்துவிடவில்லை. வீண் வேலையைக் குறைத்தது. மாணவர்களை வைத்து ஓடும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

காசு செலவில்லை. தரவுத்தளம் இலவசம், 2022இலேயே 20 கோடிக்கு மேல் வடிவங்கள் வந்துவிட்டன. பார்ப்பதற்குக் கைமெராஎக்ஸ், அதுவும் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். கோப்பு சின்னது, ஹாஸ்டல் வைஃபையிலும் இறங்கிவிடும். கிரையோ ஈஎம் வேண்டுமென்றால் பெங்களூருவில் உள்ள தேசிய மையம் மாதிரியான இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும், அதற்கு முன் புரதத்தைத் தூய்மையாக எடுத்திருக்க வேண்டும். சவ்வுப் புரதத்தைத் தூய்மையாக எடுத்தவர்களைக் கேட்டால் தெரியும் அந்தப் பாடு.

திறந்தவுடன் நான்கு நிறம். அடர்நீலம் என்றால் மிகுந்த நம்பிக்கை, வெளிர்நீலம் என்றால் சரி, மஞ்சள் சுமார், ஆரஞ்சு என்றால் நம்பாதே. பிஎல்டிடிடி என்ற நம்பிக்கை மதிப்பெண்ணை (நூற்றுக்கு) 90க்கு மேல், 70க்கு மேல், 50க்கு மேல், அதற்குக் கீழ் என்று பிரித்திருக்கிறார்கள். முதல் வெளியீட்டில் மனிதப் புரதங்களின் அமினோ அமிலங்களில் 58 சதவீதம்தான் 70ஐத் தாண்டியது. இதைச் செய்தித் தலைப்புகள் சொல்லவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோப்பில் இந்த மதிப்பெண்ணை பி-ஃபேக்டர் எழுதும் பத்தியில் எழுதி வைத்திருக்கிறார்கள். புரதப் படிகத்தில் எக்ஸ்-கதிர் பாய்ச்சி எடுத்த வடிவத்தின் கோப்பில் பி-ஃபேக்டர் கூடினால் அந்த இடம் ஆடுகிறது, குறைந்தால் நிலையானது. ஆல்ஃபாஃபோல்டு கோப்பில் அப்படியே தலைகீழ். படிகத் துறையிலிருந்து எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் வந்து, "அக்கா, இந்த லூப் நல்ல ஸ்டேபிளா இருக்கு, பி-ஃபேக்டர் முப்பதுதான்" என்றான். "தம்பி, எந்த ஃபைல் அது?" என்றேன். திரையைப் பார்த்துவிட்டு அவனே சிரித்துவிட்டான். நன்றாகப் படிகம் பழகியவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது.

ஆல்ஃபாஃபோல்டு தரும் வடிவம் சரியா என்று பார்க்க நாங்கள் போடும் முதல் சோதனை, சென்னையிலேயே பிறந்தது. கிண்டியில் ஜி. என். ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் 1963இல் வெளியிட்ட வரைபடம். புரத முதுகெலும்பின் இரண்டு திருப்பக் கோணங்களை எடுத்துக்கொண்டு, அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாத கோணங்கள் எவை என்று மேசைக் கணக்குப் பொறியில் போட்டுப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழை வடிவத்தை முன்வைத்தபோது அவர்களுக்குக் கங்காருவின் வால் தசைநாரைக் கொடுத்தது பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் பதனிடும் அறிவும் இயற்பியலும் சாலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தபடி ஒன்றுக்கொன்று உதவிய காலம் அது. இன்று பல்துறை ஆராய்ச்சி என்று நிதி கேட்டு முப்பது பக்கம் எழுதும்போது எனக்கு அந்தச் சாலைதான் நினைவுக்கு வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆல்ஃபாஃபோல்டின் நீலப் பகுதிகள் ராமச்சந்திரன் வரைபடத்தில் ஒழுங்காக உட்காரும். ஆரஞ்சுப் பகுதிகளில் பல கோணங்கள் அனுமதி இல்லாத இடத்தில் போய் விழும். இரண்டு சோதனைகளும் ஒரே இடத்தைச் சுட்டினால் அந்தத் துண்டின் வடிவத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் அந்தத் துண்டையே கணக்கில் எடுக்காமல் விட்டால் எங்கள் துறைக்கு வேலையே இல்லை. கிர்6.2 புரதத்தில் 390 அமினோ அமிலங்கள். கடைசி முப்பது சொச்சம் ஒரு வால். கிரையோ ஈஎம் வடிவங்களில் அந்த வால் பொதுவாகத் தெரிவதே இல்லை, ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பதால். ஆல்ஃபாஃபோல்டு அதைச் சிக்கெடுக்காத நூல் மாதிரி ஆரஞ்சு நிறத்தில் காற்றில் விட்டிருக்கும். வடிவக்காரர்கள் படம் போடும்போது முதலில் வெட்டி எறிவது அதைத்தான், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று.

உடலியங்கியல் பக்கம் அந்த வாலுக்கு வேறு மரியாதை. கடைசி 26 அமினோ அமிலங்களை வெட்டினால் கிர்6.2 தனியாகவே செல் மேற்பரப்புக்கு வந்து மின்னோட்டம் கொடுக்கும் என்று 1997இல் காட்டினார்கள். முழுப் புரதம் தனியாக அப்படி வராது, எஸ்யூஆர்1 துணை வேண்டும். காரணம், வாலில் ஆர்ஜினின், லைசின், ஆர்ஜினின் என்று வரிசையாக மூன்று அமினோ அமிலங்கள், புரத வரிசையின் மூன்று எழுத்துகள். அது ஒரு தடுப்பு முத்திரை. எஸ்யூஆர்1 வந்து சேர்ந்து அந்த முத்திரை மறைந்தால்தான் செல் தன் உள்வலையிலிருந்து சேனலை வெளியே விடும். சேனல் முழுதாகக் கூடியிருக்கிறதா என்று செல் சரிபார்க்கும் வழியே இந்த வால்தான். நம்பிக்கை மதிப்பெண் அதிகமுள்ள நீலப் பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணிலேயே படாது. ஆரஞ்சு என்றால் கருவிக்குத் தெரியாது என்றுதான் பொருள், செல்லுக்கு வேண்டாதது என்று பொருள் இல்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வது.

அடுத்த குறை ஒற்றைச் சங்கிலி, அதாவது ஒரே ஒரு புரத இழை. தரவுத்தளத்தில் நான் திறந்து பார்க்கும் கிர்6.2 தனி ஆள். நான்கு சேர்ந்தால்தான் நடுவில் துளையே உருவாகும். ஏடிபி உட்காரும் குழியும் இரண்டு கிர்6.2 சந்திக்கும் ஓரத்தில் இருக்கிறது. ஆக, துளை இல்லாத, குழி பாதியாக நிற்கும் சேனலைத்தான் அந்தப் பக்கத்தில் பார்க்கிறோம். பல சங்கிலிகளைச் சேர்த்துக் கணிக்கத் தனிப் பதிப்பு உண்டு. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் மேகக் கணினியில் எட்டு சங்கிலியை ஓடவிட்டால் நினைவகம் போதாமல் நடுவழியில் நின்றுவிடும். ரையனோடின் ஏற்பி என்ற பெரிய கால்சியம் சேனலைப் பார்க்கும் நண்பர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். ஒரு சங்கிலியே சுமார் 5,000 அமினோ அமிலம். 2,700க்கு மேல் நீளமான மனிதப் புரதங்களைத் துண்டு துண்டாகத்தான் மொத்தத் தரவிறக்கத்தில் கொடுத்திருந்தார்கள்.

மரபணு மாற்றங்கள் விஷயத்தில் எதிர்பார்ப்பே வைக்க வேண்டாம். பிறந்த சில மாதங்களில் வரும் ஒருவகை நீரிழிவுக்குக் கிர்6.2இல் ஓர் எழுத்து மாறுவது காரணம் என்று 2004இல் தெரிந்தது. 201ஆவது ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறினால் ஏடிபி சரியாக ஒட்டாது. 59ஆவது இடத்தில் இருக்கும் வாலின் என்ற அமினோ அமிலம் மெத்தியோனினாக மாறினாலோ ஏடிபி குழி அப்படியே இருக்கும், ஆனால் சேனல் திறந்தே கிடக்க விரும்பும். இரண்டிலும் சேனல் மூடாது, இன்சுலின் வராது, வழிகள் மட்டும் வேறு வேறு. 2006இல் வெளியான ஆய்வில், கிர்6.2 மாற்றமுள்ள 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை விட்டு, கிளிபென்கிளமைடு வகையான சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாற முடிந்தது. இவ்வளவு பெரிய விளைவு. ஆனால் இந்த மாற்றங்களைப் போட்டு ஆல்ஃபாஃபோல்டு 2இல் ஓட்டினால் வரும் வடிவம் கிட்டத்தட்ட பழையதேதான். அது பரிணாமத்தில் சேர்ந்த ஆயிரக்கணக்கான வரிசைகளை வைத்து வடிவத்தை ஊகிக்கிறது. ஓர் எழுத்து மாறியதால் அந்த ஊகம் அசையாது. இதை உருவாக்கியவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் மாற்றத்தின் படத்தையும் இயல்பின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பெரிய மாற்றம் இல்லை" என்று முடிவு எழுதும் ஆய்வேடுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

விடை வேண்டுமென்றால், சேனலின் மின்னோட்டத்தை நேரடியாக அளக்கும் பேட்ச் கிளாம்பில்தான் உட்கார வேண்டும். கண்ணாடிக் குழாயின் நுனியைச் செல்லில் ஒட்டி, சவ்வில் ஒரு சின்னத் துணுக்கைப் பிய்த்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு ஏடிபி இல்லாத திரவத்தில் கழுவினால், மின்னோட்டம் சட்டென்று எழும்பும். ஏடிபி விட்டால் படுத்துவிடும். பிறகு ஏடிபி இல்லாமலே மெல்ல மெல்ல ஓய்ந்தும் போகும், சவ்விலிருந்து பிப்2 என்ற கொழுப்பு குறைவதால். இந்த ஓய்தலை எந்த அசையாப் படமும் காட்டாது.

சென்னையில் பேட்ச் கிளாம்ப் செய்வது தனிப் பாடு. சீலிங் ஃபேனைப் போட்டால் காற்றில் குழாய் நுனி ஆடும், நிறுத்தினால் மே மாதத்தில் கண்ணில் வியர்வை இறங்கும். ஏசியின் மோட்டார் கிளம்பும்போது பதிவில் ஒரு முள் விழும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஒழிக்க எர்த் கம்பியைத் தேடித் தேடி இடம் மாற்றுவோம். வெளியே சாலையில் கான்கிரீட் உடைக்கும் வேலை நடந்தால் அன்றைக்குக் கிகா ஓம் ஒட்டு, அதாவது குழாய் நுனி சவ்வோடு மின்னோட்டம் கசியாமல் இறுக ஒட்டுவது, கிடைக்காது, அதிர்வைத் தடுக்கும் காற்றழுத்த மேசை இருந்தும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் நல்ல பதிவெல்லாம் இரவு பத்துக்கு மேல் எடுத்தவை. ஆல்ஃபாஃபோல்டு பிடித்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஏசி அறையில் டீ குடித்துக்கொண்டே விடை கிடைத்த மாதிரி இருக்கிறது.

2024 மே மாதம் மூன்றாம் பதிப்பின் சர்வர் வந்தது. பல சங்கிலி, அயனி, ஏடிபி எல்லாம் சேர்த்துக் கணிக்கும், வணிகப் பயன்பாட்டுக்குக் கிடையாது. மருந்து மூலக்கூறுகளுக்கு வரையறுத்த பட்டியல்தான், கிளிபென்கிளமைடு அதில் இல்லை. பல சங்கிலிக்கு நான் இப்போது இதைத்தான் திறக்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: தெரியாத வாலைப் பழைய பதிப்பு அசிங்கமாக வரைந்து தெரியாது என்று காட்டிவிடும். புதியது சில நேரம் அதே இடத்தில் அழகான சுருளைப் போட்டுவிடுகிறது, மதிப்பெண் மட்டும் குறைவாக இருக்கும். நிறத்தை அணைத்துவிட்டுப் படம் எடுத்தால் யாருக்கும் தெரியாது.

யார் வைத்துக்கொள்ளலாம்? சவ்வுப் புரதம் பார்க்கும் எந்த உடலியங்கியல் ஆய்வகமும். எம்எஸ்சி பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே கொடுக்கலாம். புரதம் என்றால் பாடப்புத்தகப் படம் என்ற எண்ணம் அதில் உடையும். மரபணுச் சோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தையின் மாற்றம் ஆபத்தானதா என்று இதில் பார்க்க நினைக்கும் பெற்றோருக்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம். அது மரபியல் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

எங்கள் கூட்டங்களில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கணிப்பு வடிவத்தைக் காட்டுபவர் பக்கத்திலேயே பிஏஇ படத்தையும் வைக்க வேண்டும், அதாவது ஒரு பகுதி இன்னொரு பகுதியிலிருந்து எங்கே இருக்கிறது என்பதில் எவ்வளவு பிழை வரலாம் என்ற கட்டம். தனித்தனியாக நீலமாக இருக்கும் இரண்டு பகுதிகள் ஒன்றுக்கொன்று எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பது பல நேரம் வெறும் ஊகம், அது இந்தக் கட்டத்தில்தான் தெரியும். அது இல்லாத ஸ்லைடு வந்தால் கூட்டத்தை நடத்தும் மேடம், "அடுத்தது போங்க" என்று சொல்லிவிடுகிறார்.