மின்கசிவைக் கண்டறிய எது: பழைய ஈ.எல்.சி.பி.யா, ஆர்.சி.சி.பி.யா?

இரண்டும் மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவிகள்தாம். பலர் இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பழைய ஈ.எல்.சி.பி. மின்னழுத்தத்தைப் பார்க்கிறது. பழுதான சாதனத்தின் உலோக உடலில் மின்சாரம் ஏறி, எர்த் கம்பியின் அழுத்தம் சுமார் 50 வோல்ட்டை எட்டினால் இணைப்பைத் துண்டிக்கும். எர்த் கம்பி அறுந்திருந்தால்? அசையாது. மின்சாரம் வரும் பேஸ் கம்பியை, உறையில்லாத இடத்தில் ஒருவர் தொட்டு, மின்சாரம் அவர் உடல் வழியே நேராகத் தரைக்குப் போனாலும் அதற்குத் தெரியாது.

ஆர்.சி.சி.பி. வரவு செலவுக் கணக்குப் பார்க்கும் ரகம். பேஸ், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் ஆகிய இரண்டு கம்பிகளும் ஒரே காந்த வளையத்துக்குள் செல்கின்றன. போன மின்னோட்டம் முழுதாகத் திரும்பினால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். கொஞ்சம் வேறு வழியில் கசிந்தாலும் கணக்கு இடிக்கும். உயிர்காப்புக்கான 30 மில்லி ஆம்பியர் வகை, அந்த அளவு கசிவில் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். 1961இல் பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்சியல் உருவாக்கிய அமெரிக்க வகை இன்னும் கூர்மையானது. சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே செயல்படும்.

எனக்கு ஐயமே இல்லை, ஆர்.சி.சி.பி.தான். ஆனால் பேஸையும் நியூட்ரலையும் ஒருவர் சேர்த்துப் பிடித்தால் இதுவும் ஏமாறும். ஓவர்லோடையும், அதாவது அளவுக்கு மீறிய மின்சுமையையும் கவனிக்காது, அதைத் துண்டிக்கத் தனியே எம்.சி.பி. என்ற கருவி வேண்டும். டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். பொருத்திய நாளோடு அதை மறந்தவர்களே அதிகம்.